வேறு கொம்பனிக் கெப்புக்கு மாறுமுன்

2021ஆம் ஆண்டு கட்டுகஸ்தோட்டையில் ஒரு கராஜில் என் டபுள் கெப் பத்தொன்பது நாள் நின்றது. எஞ்சினில் பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. டீசல் அழுத்தத்தை அளக்கும் சென்சர் ஒன்று போய்விட்டது. விரல் நீளம்கூட இல்லாத சாமான். அதற்கு முன் பதினொரு வருடம் வைத்திருந்த பழைய கெப்பை, அடிக்கடி கராஜுக்குப் போகிறதே என்ற கோபத்தில் விற்றுவிட்டு, பழுதே வராது என்று எல்லாரும் சொன்ன வேறு கொம்பனி வண்டியை வாங்கியிருந்தேன். அவர்கள் சொன்னது பொய்யில்லை. இரண்டு வருடத்தில் அது பழுதானது அந்த ஒரு தடவைதான். ஆனால் அந்தச் சென்சர் கண்டியில் இல்லை, கொழும்பு பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளிலும் இல்லை. ஹேவாஹெட்டையிலிருந்து மரக்கறி இறக்க மூன்று கிழமை வாடகை லொறி பிடித்தேன். பழைய வண்டி ஒரு வருடம் முழுக்கப் படுத்த நாட்களைக் கூட்டினாலும் அவ்வளவு வராது.

கெப் மாற்ற நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் கொம்பனி வண்டி நம்பிக்கையானது?" என்றுதான். கண்டியில் இருந்துகொண்டு அதை வேறு மாதிரிக் கேட்க வேண்டும். எந்த வண்டியும் ஒருநாள் நிற்கும். நின்றால் எத்தனை நாளில் மறுபடி ஓடும்? இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வழிதான்.

பில்லை மேசையில் பரப்புங்கள்

வண்டியை மாற்றும் எண்ணம் பெரும்பாலும் பெரிய பில் ஒன்று வந்த அன்றுதான் வருகிறது. அன்றைக்கு எந்த முடிவும் எடுக்காதீர்கள். கடைசி மூன்று வருடத்து கராஜ் பில்களையும் ஸ்பெயார் பார்ட்ஸ் துண்டுகளையும் எடுத்து மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதற் குவியல் வீதி தின்றது. கிளச் பிளேட், பிரேக் பேட், பின் லைனர், டயர், போல் ஜொயின்ட், புஷ். பேராதனையிலிருந்து கண்டி டவுனுக்குள் நெரிசலில் ஊர்ந்து வந்து, அப்படியே ஹந்தானைக்கோ அம்பிட்டியவுக்கோ அரைக் கிளச்சில் ஏறும் வண்டிக்கு இவை சீக்கிரம் தேயும். குருநாகலில் ஓடும் அதே வண்டிக்கு நெடுநாள் உழைக்கும். தோட்டத்து வீதியில் கொழுந்துச் சாக்கோடு இறங்கும் கெப்புக்கு முன்பக்கப் புஷ் எந்தக் கொம்பனியாக இருந்தாலும் போகத்தான் செய்யும். கொம்பனியை மாற்றினால் இந்தச் செலவு உங்களோடு கூடவே வரும்.

இரண்டாவது குவியல் வயது தின்றது. ரேடியேட்டர், ரப்பர் குழாய்கள், வோட்டர் பம்ப், ஓல்டர்னேட்டர், ஷொக் அப்சோபர். இவை ஒருமுறை மாற்றினால் பல வருடத்துக்குத் திரும்ப வராதவை. நிறையப் பேர் இவை எல்லாவற்றையும் மாற்றி முடித்து, வண்டி தேறி நிற்கும் நேரத்தில்தான் அலுத்துப்போய் விற்கிறார்கள். வாங்குகிறவர் அந்தப் பலனை அனுபவிக்கிறார். விற்றவரோ வேறொரு வண்டியின் புது உரிமையாளராகப் பிறருடைய பழைய ரேடியேட்டரிலிருந்து மறுபடி தொடங்குகிறார். இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கும், ஏனென்றால் நான் செய்ததும் அதுதான்.

மூன்றாவது குவியல், அந்த எஞ்சினுக்கோ கியர் பொக்ஸுக்கோ பிறவியிலேயே உள்ள குறை. ஒரே சாமான், சரியாகப் பூட்டியும் நல்ல ஒயில் போட்டும், திரும்பத் திரும்பப் போகிறதென்றால் அது இங்கே சேரும். கொம்பனி மாறுவதற்கு நியாயமான காரணம் இந்தக் குவியலில் மட்டுமே இருக்கிறது. இது சிறியதாக இருந்தால், மாற்றும் பணத்தில் ஒரு பங்கைப் பழைய வண்டியில் போடுவதுதான் இலாபம்.

பெயருக்குள் இருக்கும் எஞ்சின்

பெயரை வைத்து வண்டியை எடைபோடுவது நம் எல்லாருடைய பழக்கம். ஒரு பெயருக்குள் எத்தனை வேறு வண்டிகள் இருக்கின்றன என்று பார்த்தால் அந்தப் பழக்கம் தானாகக் குறையும்.

மஸ்தா பீடி-50 என்று ஒரு கெப் உண்டு. 2020 வரை அது ஃபோர்ட் ரேஞ்சரின் உடன்பிறப்பு. 2011க்குப் பின் வந்ததில் எஞ்சின், சேசிஸ் எல்லாம் ரேஞ்சரோடு பொது. 2020இல் வந்த புதிய பீடி-50 இசுசு டி-மெக்ஸின் உடன்பிறப்பு. பெயர் ஒன்று, உள்ளே இரத்தமே வேறு. "மஸ்தா கெப் எப்படி?" என்று ஒருவர் கேட்டால், எந்த வருடம் என்று தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. நிஸான் நவாராவின் மேல் மெர்சிடஸ் சின்னம் பூட்டி 2017இலிருந்து மூன்று வருடம் எக்ஸ் கிளாஸ் என்று விற்றார்கள். மிட்சுபிஷி எல்200 ஐரோப்பாவில் ஃபியட் பெயரிலும் ஓடியது.

ஒரே கொம்பனிக்குள்ளும் தலைமுறைக்குத் தலைமுறை குணம் மாறும். நவாராவின் டி40 தலைமுறையில், 2005இலிருந்து வந்த 2.5 லீட்டர் எஞ்சினுக்குப் பழைய மாதிரிகளில் டைமிங் செயின் நீண்டுபோகும் குறை உண்டு. காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும்போது முன்பக்கம் சங்கிலி உராயும் சத்தம் கேட்டால் அது எச்சரிக்கை. மிட்சுபிஷியின் 4டி56 எஞ்சின் இலங்கையில் எல்லாக் கராஜுக்கும் பழக்கமானது. அதில் டைமிங் பெல்ட். ஏறத்தாழ ஓர் இலட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றாமல் விட்டு அது அறுந்தால் வால்வோடு சேர்த்து எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். டொயோட்டா ஹைலக்ஸில் 2015க்கு முன் இருந்த கேடி எஞ்சின்களிலும் பெல்ட்தான். அதன்பின் வந்த ஜீடி எஞ்சின்களில் செயின். செயின் எஞ்சினிலிருந்து பெல்ட் எஞ்சினுக்கு மாறுகிறவர் இதை மறந்துவிடுவார். பழைய வண்டியில் யோசிக்கவே தேவைப்படாத வேலை, புது வண்டியில் தவறவிடவே கூடாத வேலையாகியிருக்கும். பழைய கெப் வாங்கும்போது பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொண்டு முதல் கிழமையிலேயே மாற்றிவிடுங்கள்.

ஹைலக்ஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பது கண்டியில் பரவலாக உள்ள பேச்சு. அந்தப் பேச்சுக்கு ஆதாரம் உண்டு. ஆனால் கண்ணைத் திறந்தே வாங்குங்கள். ஜீடி எஞ்சின் பூட்டிய ஹைலக்ஸ், பிராடோ, ஃபோர்ச்சூனர் வண்டிகளின் புகை வடிகட்டி அமைப்பில் குறை இருந்ததாக ஆஸ்திரேலியாவின் ஃபெடரல் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. 2015 ஒக்டோபருக்கும் 2020 ஏப்ரலுக்கும் இடையே அங்கு விற்ற 2,64,170 வண்டிகள் அந்த வழக்கில் அடங்கின. நான் இதைச் சொல்வது டொயோட்டாவைக் குறைகூற அல்ல. அந்தக் குறை வெளிப்பட்டது மணிக்கு நூறு கிலோமீட்டர் அளவில் தொடர்ந்து ஓடும் வண்டிகளில். ஆஸ்திரேலியாவில் அப்படி ஓடலாம். கண்டியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் அந்த வேகத்தில் அரைமணி நேரம் ஓட வீதி ஏது? நமக்கு வருவது இதற்கு நேரெதிரான தொல்லை. வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க எஞ்சின் கொஞ்சநேரம் சூடாக, சீராக ஓட வேண்டும். கட்டுகஸ்தோட்டை நெரிசலும் நான்கு கிலோமீட்டர் பாடசாலைப் பயணமும் அதற்கு இடம் கொடா. ஆகவே வேறு நாட்டில் அது பழுதானது, இது பழுதாகவில்லை என்ற கதைகளைக் கேட்கும்போது அந்த வீதியையும் சேர்த்துக் கேளுங்கள். பழுது பாதி வண்டியுடையது, பாதி வீதியுடையது.

வடிகட்டி உள்ள வண்டியா இல்லாததா என்று வாங்குமுன் அடியில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளதென்றால் யூரோ 4 தரமான சுப்பர் டீசல் அடிக்கும் செலவையும், வாரத்துக்கு ஒருமுறையாவது நீண்ட ஓட்டம் ஓடும் ஏற்பாட்டையும் கணக்கில் சேருங்கள். பழைய ஒட்டோ டீசல் வண்டியிலிருந்து மாறுகிறவருக்கு இது மாதா மாதம் வரும் புதுச் செலவு.

பழகிய கை

பத்து வருடம் ஒரே வண்டி வைத்திருந்தவருக்குச் சொத்தாக ஒன்று சேர்ந்திருக்கும். அது பில்லில் வராது. அவருடைய காது எந்தச் சத்தம் புதிது என்று சொல்லும். அவருடைய கராஜ் பாஸுக்கு எந்த நட்டுக்கு எந்தச் சாவி என்று கண்ணை மூடினாலும் தெரியும். சாமான் கடைக்காரர் சேசிஸ் நம்பர் கேட்காமலே சரியான பில்டரை எடுத்து வைப்பார். கொம்பனி மாறும் அன்று இவை மூன்றும் ஒரேயடியாகப் போய்விடுகின்றன.

பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2011க்குப் பின் வந்த ஃபோர்ட் ரேஞ்சர், 2020 வரையான பீடி-50 ஆகியவற்றின் 2.2, 3.2 லீட்டர் டீசல் எஞ்சின்களில், ஒயில் மாற்றும்போது பழைய ஒயிலை வடியவிட்டு நீண்டநேரம் விடக்கூடாது. பத்து நிமிடத்துக்கு மேல் வெறுமையாக இருந்தால் ஒயில் பம்ப் காற்றுப் பிடித்து, திரும்ப ஸ்டார்ட் பண்ணும்போது ஒயிலை மேலே ஏற்றாது. எஞ்சின் வறண்டு ஓடி அழியும். நம்முடைய நல்ல பாஸ்மார் என்ன செய்வார்கள்? கடைசிச் சொட்டுவரை வடியட்டும் என்று டிரெய்ன் நட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். சிலர் இரவு முழுக்கவே விடுவார்கள். பழைய வண்டிக்கு அது அக்கறை. இந்த எஞ்சினுக்கு அதுவே சாவு. வண்டியிலும் குறையில்லை, கையிலும் குறையில்லை. இரண்டும் ஒன்றையொன்று அறியாததுதான் குறை.

ஆகவே வாங்குமுன் உங்கள் பாஸிடம் போய், "இது நல்ல வண்டியா?" என்று கேட்டால் மட்டும் போதாது. நான் கட்டுகஸ்தோட்டை கராஜ் நானாவிடம் அடுத்த தடவை கேட்டது இப்படி:

"நானா, இந்த எஞ்சின் எத்தனை திறந்திருக்கிறீங்க?"

"ரெண்டு. ரெண்டும் ஹெட் வேலை."

"மூடினதுக்குப் பிறகு திரும்பி வந்துச்சா?"

"ஒண்ணு வரல்ல. மத்ததுக்கு இஞ்ஜெக்டர் கோடிங் போட ஸ்கேனர் என்கிட்ட இல்ல தம்பி, கொழும்புக்கு அனுப்பினேன்."

நேர்மையான மனிதர். அந்த ஒரு பதிலில் எனக்குத் தேவையான எல்லாம் இருந்தது. இன்றைய கொமன் ரெயில் எஞ்சின்களில் பெரும்பாலானவற்றில் இஞ்ஜெக்டர் மாற்றினால் அதன் இலக்கத்தைக் கம்பியூட்டரில் பதிய வேண்டியிருக்கும். அந்த வேலையைக் கண்டியில் செய்வார்களா, வண்டியை லொறியில் ஏற்றி கொழும்புக்கு அனுப்ப வேண்டுமா என்பது வருடக் கணக்கில் உங்கள் செலவைத் தீர்மானிக்கும்.

கராஜ் பேச்சைக் கேட்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கராஜுக்கு வருவது பழுதான வண்டி மட்டும். ஊரில் அதிகம் ஓடும் கொம்பனிதான் அங்கே அதிகம் நிற்கும். "கராஜ் முழுக்க அந்த வண்டிதான்" என்றால் அது மோசமான வண்டி என்று அர்த்தமில்லை. அதைத் திறந்து மூடத் தெரிந்த கைகள் நிறைய உண்டு என்றும் எடுத்துக்கொள்ளலாம். கராஜில் ஒருபோதும் காணாத வண்டியை நினைத்தால்தான் எனக்கு அதிகம் பயம்.

சாமான் இருக்கிறதா?

2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. மறுபடி எல்லா வாகனங்களுக்கும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். நடுவில் 2022இல் ரூபாய் விழுந்தது. மார்ச்சில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது மே மாதத்தில் 360ஐத் தொட்டது. சாமான் விலையும் அதோடு ஏறியது. இந்த ஐந்து வருடமும் நாட்டில் உள்ள ஒவ்வொரு கெப்புக்கும் ஒரு பரீட்சை. புது வண்டி வாங்க வழியில்லாததால் இருந்ததை ஓட்டியே ஆக வேண்டியிருந்தது. சாமான் கிடைத்த வண்டிகள் இன்றும் மலைமேல் ஓடுகின்றன. கிடைக்காதவை கராஜ் மூலையில் டயர் இறங்கிப் போய் நின்றன. எந்தக் கொம்பனி விளம்பரத்தையும்விட அந்த மூலைகளைத்தான் நான் நம்புகிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பளையிலிருந்து அக்குறணை வரை வீதியோரக் கராஜ்களைப் பார்த்துக்கொண்டே போங்கள். ஓடாமல் நிற்பவை என்ன, ஏன் நிற்கின்றன என்று விசாரியுங்கள்.

பிறகு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். வாங்க நினைக்கும் வண்டியின் சேசிஸ் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்பது சாமான் எழுதுங்கள்: இஞ்ஜெக்டர் ஒன்று, டேர்போ, கிளச் செட், டைமிங் செட், ரேடியேட்டர், ஹெட் கேஸ்கட், முன் ஹப் பெயாரிங், கிரேங்க் சென்சர், முன் லைட். கண்டியில் ஒரு கடை, பஞ்சிகாவத்தையில் ஒரு கடை, கொம்பனியின் ஏஜண்ட் ஆகிய மூவரிடமும் தொலைபேசியில் கேளுங்கள். டொயோட்டாவுக்கு டொயோட்டா லங்கா, மிட்சுபிஷிக்கு யுனைட்டட் மோட்டர்ஸ், இசுசுவுக்கு சதொச மோட்டர்ஸ், டாட்டாவுக்கு டிமோ, மஹிந்திராவுக்கு ஐடியல் என்று ஒவ்வொரு பெயருக்கும் ஓர் இடம் உண்டு. விலையைவிட முக்கியம், "இப்போது கையில் இருக்கிறதா?" என்பது. "எடுத்துத் தரலாம்" என்ற பதிலை இல்லை என்றே எழுதுங்கள். எத்தனை நாள் என்று திட்டமாகச் சொன்னால் அந்த நாளை எழுதுங்கள்.

சாமானிலும் வகை உண்டு. கொம்பனிப் பெட்டியில் வருவது ஒன்று. அதே சாமானைச் செய்யும் தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் விற்பது இன்னொன்று; விலை குறைவு, பல சமயம் தரம் அதேதான். மூன்றாவது நகல். நான்காவது ஜப்பானிலிருந்து அறுத்து வரும் ரீகண்டிஷன். ரேடியேட்டரிலும் கதவுக் கண்ணாடியிலும் ரீகண்டிஷன் போடலாம். பிரேக்கிலும் டைமிங் பெல்ட்டிலும் ஒருபோதும் கூடாது. இதில் மலைநாட்டுக்காரர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நம் நாட்டில் ஓடும் டபுள் கெப்களில் பெரும்பங்கு தாய்லாந்தில் செய்தவை. ஜப்பானில் டீசல் கெப் ஓடுவது குறைவு. ஆகவே ஜப்பான் ரீகண்டிஷன் சாமான் கார்களுக்கும் லொறிகளுக்கும் கிடைப்பதுபோல் கெப்புக்குக் கிடைக்காது.

இந்திய வண்டிகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. தோட்டத்திலும் சந்தையிலும் ஓடும் டாட்டா, மஹிந்திரா வண்டிகளைச் சிலர் தரக்குறைவாகப் பேசுவார்கள். அடிக்கடி சிறு பழுது வரும் என்பதும், சாமான் மலிவாகவும் பக்கத்திலும் கிடைக்கும் என்பதும் ஒரே வண்டியைப் பற்றிய இரண்டு உண்மைகள். முதலாவதை மட்டும் சொல்வது அநியாயம்.

நாட்கணக்கு

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் கெப் ஒருநாள் நின்றால் வாடகை வண்டிக்கும் தவறிய ஓட்டத்துக்கும் சேர்த்து 15,000 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய வண்டி வருடத்தில் நான்கு தடவை, தடவைக்கு இரண்டு நாள் நிற்கிறது. எட்டு நாள், 1,20,000 ரூபாய். புது வண்டி வருடத்தில் ஒரே தடவைதான் நிற்கும், ஆனால் சாமான் வெளிநாட்டிலிருந்து வர இருபது நாள். 3,00,000 ரூபாய். பழுது குறைந்தது, நட்டம் கூடியது. உங்கள் தொழிலின் உண்மையான தொகையையும், ஒன்பது சாமான் சோதனையில் எழுதிய நாட்களையும் இதே கணக்கில் போடுங்கள்.

தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றுகிறவருக்கு ஒருநாள் தாமதம் என்பது சுமை முழுவதும் போவது. அவருக்கு இந்தக் கணக்கில் நாட்களே பெரிது. வீட்டுத் தேவைக்குக் கெப் வைத்திருக்கும் ஆசிரியருக்கு இருபது நாள் பஸ்ஸில் போவது சிரமம்தான், நட்டமல்ல. அவர் பழுது குறைந்த, சாமான் தாமதமான வண்டியைத் துணிந்து எடுக்கலாம். ஒரே வண்டிக்கு இருவருக்கும் இரண்டு பதில். இரண்டு கெப் வைத்துத் தொழில் செய்பவர் ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்ற வேண்டாம். ஒன்றை மாற்றி ஒரு மழைக்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு மற்றதைப் பற்றி யோசிக்கட்டும்.

கடுகண்ணாவையில் ஓட்டிப் பாருங்கள்

டவுனுக்குள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு கெப் வாங்காதீர்கள். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். போகுமுன் ஸ்டார்ட் பண்ணி வைக்கவேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள். பொனட்டில் கைவைத்து, குளிர்ந்திருந்தால் மட்டும் தொடங்குங்கள். பின்பக்கத்தில் நீங்கள் வழக்கமாக ஏற்றும் பாரத்தில் பாதியாவது ஏற்றுங்கள். பேராதனை வழியாகக் கடுகண்ணாவைக்குப் போய் மாவனல்லைப் பக்கம் இறங்குங்கள். இறங்கும்போது மூன்றாம் கியரில் எஞ்சின் பிடிக்கிறதா, கியர் தானாகக் கழல்கிறதா, அடிவாரத்தில் பிரேக் பெடல் மென்மையாகிறதா என்று பாருங்கள். அங்கே திருப்பி அதே ஏற்றத்தில் ஏறுங்கள். சூட்டு முள்ளில் ஒரு கண் இருக்கட்டும். உச்சியில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் ஒயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். மூடி துள்ளும் அளவுக்குப் புகை வந்தால் பிஸ்டன் பக்கம் தேய்ந்திருக்கிறது. மஹியங்கனை வீதியில் தொழில் உள்ளவர் பதினெட்டு வளைவிலும் இப்படி ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. ஃபோ வீல் உள்ள வண்டியென்றால் மண் வீதியில் லோ கியர் போட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் போடாமல் இறுகிப்போனவை நிறைய.

திரும்பி வந்ததும் கராஜில் ஸ்கேனர் போட்டு இஞ்ஜெக்டர்களின் திருத்த அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் படுத்து, பின் வில்லுக்கு மேலே சேசிஸ் துரு பிடித்திருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள். வில் என்றதும் ஒன்று: சில நவாரா மாதிரிகள் பின்பக்கம் கொயில் ஸ்பிரிங்கோடு வருகின்றன. பயணத்துக்கு அது சுகம். சீமெந்து மூட்டை ஏற்றுகிறவர் பட்டை வில் உள்ளதையே தேடட்டும்.

இப்போது ஒரு புதுக் கவனமும் வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு மகாவலி பெருகி கம்பளை, பேராதனைப் பக்கங்களில் வெள்ளம் ஏறியது. வீட்டையும் ஆட்களையும் இழந்தவர்களின் துயரத்துக்கு முன் வண்டி ஒரு பொருளே அல்ல. ஆனால் அந்த வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் கழுவி, மினுக்கி, வேறு மாவட்டங்களில் கைமாறக்கூடும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே மண்கோடு இருக்கும். கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்கள். ஃபியூஸ் பெட்டிக்குள் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். டிஃபரன்ஷல் ஒயிலை ஒரு சொட்டு எடுங்கள். பால் நிறமாக இருந்தால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். நீரில் நின்ற வண்டியின் வயர் கோளாறு பல மாதம் கழித்தும் தலைகாட்டும்.

பதிவுப் புத்தகத்தில் உள்ள எஞ்சின் நம்பரும் வண்டியில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். இறக்குமதி நின்ற காலத்தில் எஞ்சின் மாற்றி ஓட்டியவை உண்டு. வண்டி லீசிங்கில் உள்ளதா என்பதையும் அதே புத்தகம் சொல்லும்.

வொரண்டி என்ற சொல்

2025க்குப் பின் புதுப்புதுப் பெயர்களில் கெப்கள் வருகின்றன. ஐந்து வருடம், ஓர் இலட்சம் கிலோமீட்டர் என்றெல்லாம் வொரண்டி சொல்வார்கள். எது முதலில் முடிகிறதோ அதோடு அது முடியும். மரக்கறி ஓட்டத்தில் கிலோமீட்டர்தான் முதலில் முடியும். எழுத்தில் கேளுங்கள்: இஞ்ஜெக்டரும் டேர்போவும் கிளச்சும் அதில் அடங்குமா? உடதும்பரவில் நின்றால் யார் இழுத்து வருவது, செலவு யாருடையது? கண்டிக் கிளையில் எஞ்சின் பிரிப்பார்களா, ஒயில் மட்டும் மாற்றுவார்களா? சாமான் வரும்வரை மாற்று வண்டி தருவார்களா? வாய்ப் பேச்சாக ஆம் என்பவர் எழுத்தில் தரத் தயங்கினால், பதில் இல்லை என்பதே. ஏஜண்ட் உரிமை கைமாறுவதும் இந்த நாட்டில் நடப்பதுண்டு. அப்படி மாறினால் பழைய வொரண்டியைப் புதியவர் ஏற்பாரா என்பதையும் கேட்டு வையுங்கள்.

வாங்கிவிட்டீர்கள் என்றால்

ஏற்கெனவே ஓடிய வண்டியென்றால் முதல் கிழமையில் எஞ்சின், கியர் பொக்ஸ், டிரான்ஸ்ஃபர், முன் பின் டிஃபரன்ஷல் ஒயில்கள், பிரேக் ஒயில், கூலன்ட், டீசல் பில்டர் எல்லாவற்றையும் மாற்றுங்கள். கொம்பனிப் புத்தகத்தில் உள்ள ஒயில் இலக்கத்தைப் போட்டோ எடுத்து உங்கள் பாஸுக்கு அனுப்புங்கள். பழைய வண்டிக்கு ஊற்றியதையே பழக்கத்தில் ஊற்றிவிடக் கூடாது. டீசல் பில்டர், ஃபேன் பெல்ட், கிரேங்க் சென்சர் ஆகிய மூன்றை மேலதிகமாக வாங்கி சீட்டுக்கு அடியில் வையுங்கள். ஒரு கொப்பியில் தேதி, கிலோமீட்டர், சாமான், கடை, எத்தனை நாள் நின்றது என்று ஐந்து பத்தி போட்டு, முதல் பஞ்சரில் இருந்தே எழுதத் தொடங்குங்கள்.